மேனேஜருக்கு எப்போது சொல்வது?

அன்பு மகளுக்கு,

வேறு டீமில் டேட்டா இன்ஜினியர் இடம் வந்திருக்கிறது, மேனேஜருக்குத் தெரியாமல் ஐஜேபி (கம்பெனிக்குள்ளேயே வேறு வேலைக்கு விண்ணப்பம்) போட்டால் துரோகமா என்று கேட்டிருந்தாய். இல்லை. கம்பெனி தன் ஆட்களுக்கென்றே அறிவித்த இடம் அது. இதை நினைத்து உன் அப்பா பயப்படுவதற்குக் காரணம் உண்டு. அரசு வேலையில் இருப்பவர் வேறு துறைக்கு விண்ணப்பித்தால் அதை மேலதிகாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவர் அந்த ஒழுங்கில் வாழ்ந்தவர். உங்கள் ஐடி கம்பெனிகளில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் விதி வேறு.

ஆகவே பட்டனை அழுத்துவதற்கு முன் ஐஜேபி பாலிசியை முழுக்கப் படி. இப்போதைய ப்ராஜெக்டில் எத்தனை மாதம் முடிந்திருக்க வேண்டும் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். நீ தேட வேண்டியது வேறு: மேனேஜருக்கு மெயில் எந்தக் கட்டத்தில் போகிறது? சில இடங்களில் விண்ணப்பித்த அன்றே போய்விடும், சில இடங்களில் தேர்வான பிறகுதான். அன்றே போகும் என்றால் ரகசியம் என்ற பேச்சே இல்லை. காலையில் அவரிடம் சொல்லிவிட்டு மாலையில் போடு.

தேர்வான பிறகுதான் போகும் என்றால், முதல் சுற்று வரை வாய் திறக்காதே. சாப்பாட்டு மேஜைத் தோழிகளிடமும் வேண்டாம். நேர்காணல் நேரத்தைக் காலண்டரில் பிரைவேட் என்று போடு. டீம் முழுக்க உன் காலண்டரைப் பார்க்கலாம் என்பதை மறந்துவிடாதே. ஆனால் அவரே நேராகக் கேட்டால் மறைக்காதே. 'ஆமாம், விண்ணப்பித்திருக்கிறேன்' என்று சொல். அந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால், அதற்குப் பிறகு நீ சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

முதல் சுற்று நன்றாகப் போய், அந்தப் பக்கம் ஆர்வம் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் நீயே போய்ச் சொல். தாமதிக்காதே. புதிய மேனேஜர் உன்னைப் பற்றி விசாரிக்க முதலில் போன் போடுவது பழைய மேனேஜருக்குத்தான். மேனேஜர் நாற்காலியில் பல வருடம் இருந்தவள் சொல்கிறேன்: ஆள் போவது பெரிய வருத்தமில்லை. ஆட்களை ப்ராஜெக்டுக்கு ஒதுக்கும் ஆர்எம்ஜி சொல்லித் தெரிந்துகொள்வதுதான் வலிக்கும். கிளையண்டிடம் என்ன சொல்வது, பில்லிங் என்னாவது, மாற்று ஆள் எங்கே என்று அந்த நிமிடத்தில் தலை சுற்றும். அந்தப் பதற்றத்தில்தான் சாதாரணமாக நல்லவராக இருக்கும் மனிதர்கூட ப்ராஜெக்டிலிருந்து உன்னை ரிலீஸ் செய்வதை இழுத்தடிப்பார்.

பேசும்போது இந்த ப்ராஜெக்டின் குறைகளை எடுக்காதே. சப்போர்ட் வேலை அலுத்துவிட்டது என்பது உண்மையாகவே இருக்கட்டும், அது அங்கே தேவையில்லை. 'எனக்கு டேட்டா பக்கம் போக வேண்டும், இந்த வாய்ப்பு வந்திருக்கிறது, கேடி கொடுத்து முடிக்க இத்தனை வாரம் ஆகும், எழுதி வைத்திருக்கிறேன்' என்று சொல். உன் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் அந்த கேடி திட்டத்தைக் கையோடு கொண்டு போ. அதைப் பார்த்ததும் அவர் தலையில் ஓடும் கேள்விகளில் பாதி அடங்கிவிடும்.

உன் மேனேஜர் ரேட்டிங்கில் பழி தீர்க்கிறவர் என்று ஏற்கெனவே பட்டவர்கள் இருந்தால் மட்டும் தேர்வு உறுதியாகும் வரை பொறு. ஹெச்ஆரிடம் முதலில் பேசு. எப்படியானாலும் இந்த வருட வேலைக்குக் கிளையண்டும் லீடும் பாராட்டிய மெயில்களைச் சேர்த்து வை. உங்கள் வருடம் மார்ச்சில் முடிகிறது; பிப்ரவரியில் மாறினால் உன் ரேட்டிங்கை யார் போடுவது என்று இப்போதே கேட்டுக்கொள்.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். இங்கே ரிலீஸ் வாங்கிவிட்டு, அங்கே இன்னும் அலோகேஷன் வராமல், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரக் கூடாது. டிசிஎஸ் 2025 ஜூனில் வருடத்துக்கு 225 நாள் பில்லிங் வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. உன் கம்பெனி வேறு என்றாலும், பெஞ்ச் யாருக்கும் பாதுகாப்பான இடமில்லை. ரிலீஸ் தேதியும் சேரும் தேதியும் இரண்டு மேனேஜர்களின் மெயிலிலும் வரும் வரை இங்கே உன் வேலையை ஒரு டிக்கெட்கூட விடாமல் செய்.

நேர்காணல் தேதி வந்ததும் சொல். முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடு, மேனேஜரிடம் பேச வேண்டியதை ஒரு தடவை என்னிடம் பேசிப் பார்.

அன்புடன்,
பெரியம்மா