முதல் ரோடு சைக்கிள் வாங்குகிறீர்களா? திருச்சிக்காரர்களுக்குப் பத்துக் குறிப்புகள்

மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை, நடுவில் ஸ்ரீரங்கம். பெரிய ஏற்ற இறக்கமில்லாத ஆற்றங்கரைச் சாலைகள் கொண்ட திருச்சி, ரோடு சைக்கிளுக்கு வாகான ஊர். முதல் சைக்கிளுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. உடம்புக்குப் பொருந்தும் ஃப்ரேமும், உள்ளூரிலேயே பழுது பார்க்க முடிகிற கியரும் அமைந்தால் போதும்.

1. முதலில் அளவைப் பாருங்கள். மேல் குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது, குழாய்க்கு மேலே 2 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். அளவு தவறிய சைக்கிளை எவ்வளவு தள்ளுபடியில் தந்தாலும் வாங்காதீர்கள்.

2. ‘21 கியர்’ என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். முன்னால் 3, பின்னால் 7 என்று பெருக்கிச் சொல்லும் கணக்கு அது; அவற்றில் பல ஏறக்குறைய ஒரே கனத்தில்தான் இருக்கும். நம் சமதளச் சாலைக்கு முன்னால் 2, பின்னால் 8 தாராளம்.

3. பற்களை எண்ணுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதிக்க, சைக்கிள் சுமார் 2.5 மீட்டர் நகரும். 50-க்கு 11 என்றால் சுமார் 9.5 மீட்டர். பச்சைமலை, கொல்லிமலை ஏறும் ஆசை இருந்தால் பின்னால் 32 அல்லது 34 பல் கேளுங்கள்.

4. கியர் லீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய சைக்கிள்களில் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இருக்கும். சில மலிவு மாடல்களில் ஹேண்டிலின் நடுவில் இருக்கும். இரண்டிலும் கியர் மாற்ற ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். கியர் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் 1990-ல் பிரேக்கோடு கியரையும் சேர்த்த லீவரைக் கொண்டுவந்தது. காவிரிப் பாலத்து நெரிசலில் பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமல் கியர் மாற்ற முடிவது பெரிய பாதுகாப்பு.

5. ஷிமானோவின் படிநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். டூர்னி 7, கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10 பின்கியர்கள். முதல் சைக்கிளுக்குக் கிளாரிஸ் நல்ல தேர்வு. 8 கியர் செயினும் பல்சக்கரமும் விலை குறைவு, எளிதில் கிடைக்கும்.

6. வலக்கை பின்கியருக்கு, இடக்கை முன்கியருக்கு. கிளாரிஸில் பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும். அதன் பின்னாலுள்ள சின்ன லீவரைத் தள்ளினால் இறங்கும். பின்னால் பெரியது என்றால் மிதிப்பது லேசு. முன்னால் பெரியது என்றால் கனம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

7. ஏற்றம் வருமுன்பே மாற்றுங்கள். மேம்பாலத்தின் பாதியில் முழு பலத்தோடு அழுத்தியபடி மாற்றினால் செயின் கடகடக்கும், கழன்றும் போகலாம். பெடலை மெதுவாகச் சுற்றியபடி ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். முன்னும் பின்னும் பெரியது, முன்னும் பின்னும் சிறியது என்ற இரு சேர்க்கைகளிலும் செயின் கோணலாக ஓடித் தேயும், தவிர்த்துவிடுங்கள்.

8. டயர் 28 மி.மீ. அல்லது 32 மி.மீ. இருக்கட்டும். பாலத்து இணைப்புகளிலும் குண்டும் குழியுமான தெருக்களிலும் மெல்லிய டயர் அடிவாங்கும். பல ரோடு சைக்கிள்களில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றும் உபரி ட்யூப் ஒன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

9. பழைய சைக்கிள் என்றால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஃப்ரேம் இணைப்புகளில் விரிசலோ நசுங்கலோ இருந்தால் வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றினால் கோணாமல் ஓட வேண்டும். எல்லாக் கியர்களையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கேபிளை மாற்றச் செலவு குறைவு. உடைந்த லீவரை மாற்ற ஆகும் செலவில் மலிவாக வாங்கிய லாபமே போய்விடும்.

10. புது கேபிள் சில வாரத்தில் தளரும். செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின்கியர் அருகே கேபிள் நுழையும் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். ஆற்று மணல் ஒட்டிய செயினைத் துணியால் துடைத்து, செயின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், புழுதியைப் பிடித்துவைக்கும். பட்ஜெட் போடும்போதே ஹெல்மெட், முன்பின் விளக்கு, பம்ப் மூன்றுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்.