உடம்பைத் தொடுவது லைனிங்தான்

கோடைக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் மேல் துணிக்குக் கொடுக்கும் கவனத்தில் கால் பங்கைக்கூட லைனிங்குக்குக் கொடுப்பதில்லை. மேல் துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கசக்கிப் பார்த்து, விலை பேசி வாங்குகிறோம். லைனிங் என்று வரும்போது, "இதுக்கு மேட்சா ஒரு மீட்டர் குடுங்க" என்பதோடு சரி. கடைக்காரரும் நிறத்தை மட்டும் ஒட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆசைப்பட்டு எடுத்த கைத்தறிப் பருத்திக்கு அடியில் அப்படித்தான் ஏதோ ஒரு பாலியஸ்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தைத்துப் போட்டுக்கொண்ட பின் தோலில் படுவது கைத்தறி அல்ல, உள்ளே இருப்பதுதான். ஒரு கோடை உடை உடுத்த முடிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது லைனிங் என்பதால், அதை முதலில் முடிவு செய்துவிட்டு மேல் துணிக்குப் போவதே சரி என்பது வீட்டுத் தையலில் எனக்கு ஊறிப்போன எண்ணம். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

'லைட்வெயிட் லைனிங்' என்று கேட்டால் கடையில் முதலில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் கிரேப், இல்லாவிட்டால் டஃபேட்டா. கையில் எடுத்தால் எடையே தெரியாது, வழுக்கிக்கொண்டு போகும், சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் மீட்டருக்கு இருபது முப்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் உடம்புக்கு அது தெரியப்போவதில்லை. வியர்வை எங்கே போகிறது என்பதுதான் தெரியும். ஜவுளி ஆய்வகங்களில் 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் இழைகளை வைத்து, அவை எவ்வளவு ஈரத்தைத் தமக்குள் வாங்குகின்றன என்று அளப்பார்கள். பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் வாங்கும். பட்டு 11, லினன் 12, விஸ்கோஸ் 11 முதல் 13 வரை, நைலான் 4. பாலியஸ்டரோ 0.4 சதவீதம்தான். பாலியஸ்டர் லைனிங்குக்குள் வியர்த்தால் அந்த ஈரம் துணிக்குள் போக வழியில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவே நிற்கிறது. முதுகில் துணி அப்பிக்கொள்வதும், பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்த இடம் எரிவதும் இதனால்தான். அதிகம் உறிஞ்சுவது விஸ்கோஸ்தானே, அதையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். விஸ்கோஸ் நனைந்தால் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பருத்தி நேர்மாறாக, ஈரத்தில் சற்றுக் கூடுதல் பலம் பெறும். ப்ளவுஸில் வியர்வை அதிகம் படுவதும் கைக்குழியில்தான், இழுவை அதிகம் விழுவதும் அங்கேதான். எனவே விஸ்கோஸைத் தொளதொளப்பான கவுனுக்கும் பாவாடைக்கும் வைத்துக்கொள்ளலாம். இறுக்கித் தைக்கிற எதற்கும் அது ஆகாது.

பருத்தி என்று முடிவு செய்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. பருத்தியிலும் காற்று புகாத துணி உண்டு. இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் காற்று போய்வர முடியும். அந்த இடைவெளியை நிர்ணயிப்பது நூலின் நம்பரும் நெசவின் நெருக்கமும். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதுதான் நூல் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பாப்ளின் பொதுவாக 40-ம் நம்பரை ஒட்டி இருக்கும், கேம்பிரிக் 60, மல்மல் 80-க்கு மேல். லைனிங்குக்குப் பாப்ளின் வாங்குவது கோடையில் இரண்டாவது சட்டை போட்டுக்கொள்வதற்குச் சமம். மல்மல் மிக மிருது, காற்றோட்டமும் அதிகம். ஆனால் வெட்டும்போது மேஜையில் நெளியும், தையல் ஓரத்தில் இழை நகர்ந்து பிரியும். ப்ளவுஸுக்கு நான் முதலிடம் கொடுப்பது 'டூ பை டூ' என்று கடைகளில் சொல்லும் ரூபியா வாயிலுக்கு. பாவிலும் ஊடையிலும் இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல் அது. முறுக்கு அதிகம் என்பதால் பிசிறு குறைவு. பிசிறு குறைந்த துணி ஈரத் தோலில் சட்டென ஒட்டாது. மெல்லியதாக இருந்தும் டாட் பிடித்தால் நிற்கும். ஒரே சிக்கல், 'டூ பை டூ' என்ற பெயரிலேயே பாலியஸ்டர் கலந்த துணியும் விற்கிறது, பெயரை மட்டும் நம்ப முடியாது. ஓரத்தில் நாலைந்து இழைகளை உருவிக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். கலப்பு என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி ஒன்று மிஞ்சும். கடையில் கொளுத்த முடியாதே என்றால், துணியை வாயருகே வைத்து ஊதி மறுபக்கம் கையைப் பிடித்துப் பாருங்கள். காற்று கையில் தாராளமாகப் பட வேண்டும்.

விளையாட்டு வீரர்கள் எல்லோரும் பாலியஸ்டர்தானே போடுகிறார்கள், அவர்களுக்கு வியர்க்காதா என்ற கேள்வி தவறாமல் வரும். நல்ல கேள்வி. அந்த ஜெர்சிகள் பின்னலாடைகள். வியர்வையை வெளிப்பக்கம் கடத்துவதற்கென்றே இழையையும் பின்னலையும் வடிவமைத்திருப்பார்கள். போட்டிருப்பவர் ஓடிக்கொண்டிருக்கிறார், காற்றும் வீசிக்கொண்டிருக்கிறது, மேலே இன்னொரு துணியும் இல்லை. நெருக்கமாக நெய்த டஃபேட்டாவை இன்னொரு துணிக்கு அடியில் வைத்துத் தைத்து, பேருந்திலோ அடுப்படியிலோ நிற்பவருக்கு இந்த வசதிகளில் ஒன்றுகூடக் கிடையாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. பருத்தி வியர்வையை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் காயாது என்பது. உண்மைதான். வேலூர், கரூர் மாதிரி உள்மாவட்டங்களில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் காற்று வறண்டிருப்பதால் நனைந்த பருத்தி காய்ந்துவிடும். காயும்போது குளிரவும் செய்யும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் நேரத்தில் எதுவும் லேசில் காயாது. நனைந்த துணியின் இழை இடைவெளிகளைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும், மேல் துணியும் லைனிங்கும் ஒட்டி ஒரே ஈரப் படலமாகிவிடும். ஆனால் இதற்காகப் பாலியஸ்டருக்குப் போக வேண்டியதில்லை. பருத்தியின் அளவைக் குறைத்தால் போதும். துணியில் பருத்தி எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பத்தான் தண்ணீரும் தங்கும். மல்மலில் தங்குவது பாப்ளினில் தங்குவதைவிட வெகு குறைவு. அதனால் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் மெல்லிய துணியாக எடுத்து, அளவில் கொஞ்சம் தளர்வு விட்டுத் தைக்க வேண்டும். குர்தி லைனிங்கின் முதுகு நடுவில் கழுத்துக்குக் கீழே ஒரு சிறு மடிப்பு விட்டுவிட்டால் கையை நீட்டும்போது இழுக்காது, காற்றும் உள்ளே நுழையும்.

நடக்கும்போது பருத்தி லைனிங் காலோடு ஏறிக்கொள்கிறது என்பதையும் மறுக்க முடியாது. சொரசொரப்பான இரண்டு பருத்திகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே வரும் டாப்பில் இது பெரிய தொல்லை. இந்த இடத்தில் கிரேப்பை ஆதரிப்பவர்கள் பக்கம் நான் சாய்ந்துவிடுவேன். ஆனால் உடை முழுவதற்கும் ஒரே லைனிங் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே. உடம்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் வியர்ப்பதில்லை. முதுகின் நடுவிலும் இடுப்புக்கு மேலேயும் அக்குளிலும் அதிகம், தொடைக்குக் கீழே குறைவு. எனவே இடுப்பு வரை டூ பை டூவோ மல்மலோ வைத்து, அதற்குக் கீழே மெல்லிய கிரேப்பை இணைத்துக்கொள்ளலாம். இடுப்பில் வெட்டுள்ள ஃப்ராக், அனார்கலி போன்றவற்றில் இந்த இணைப்பு வெளியே தெரியவே தெரியாது. நேராக வரும் குர்தியில் லைனிங்கை முழங்காலுக்கு மேலேயே நிறுத்தி, பக்கத் தையலைத் திறப்புக்கு இரண்டு விரற்கடை மேலே முடித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். கீழ் ஓரத்தை மேல் துணியோடு சேர்த்து அடிக்காமல் தனியாக மடித்து அடிக்க வேண்டும். சேர்த்து அடித்தால் முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கி மற்றது பை மாதிரி தொங்கும்.

மெல்லிய லைனிங் போட்டால் உள்ளே தெரியுமே என்ற பயத்தில்தான் பலர் தடித்த துணிக்குப் போகிறார்கள். மறைப்பதில் தடிமனைவிட நிறத்துக்குப் பங்கு அதிகம். வெள்ளை மேல் துணிக்கு வெள்ளை லைனிங் போட்டால், லைனிங் முடியும் விளிம்பும் உள்ளே மடித்த தையலும் கோடு கோடாகத் தெரியும். தோல் தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் வேறுபாடு எடுப்பாக இருக்கும். உடுத்துபவரின் தோல் நிறத்துக்கு நெருங்கிய பழுப்பிலோ சந்தன நிறத்திலோ மல்மல் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தட்டாது. நிறமுள்ள மெல்லிய துணிக்கு அதே நிறத்தில் ஒரு சாயல் அடர்த்தியாக எடுத்தால் மேல் துணிக்கும் ஆழம் கூடும். கோட்டா மாதிரி கட்டம் கட்டமாக வெளிச்சம் விடும் துணிக்கு இது நன்றாகவே ஒத்துவரும். வாங்கும்போது மேல் துணியையும் லைனிங்கையும் சேர்த்துப் பிடித்து, பின்னால் கையை வைத்துக் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல்களின் வரை தெரியாவிட்டால் போதும். குழல் விளக்கில் பார்த்து எடுத்த முடிவு வெயிலில் நிற்காது.

பருத்தி சுருங்கும் என்ற புகாருக்குப் பதில் எளிது, ஆனால் செய்ய வேண்டியவர்கள் செய்வதில்லை. மெல்லிய பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். பதினான்கு அங்குல உயரமுள்ள ப்ளவுஸில் நான்கு சதவீதம் என்றால் அரை அங்குலத்துக்கு மேல். பட்டோ சில்க் காட்டனோ அந்த அளவுக்குச் சுருங்காது. லைனிங் மட்டும் சுருங்கி மேல் துணியை உள்ளே இழுக்கும், டாட் ஓரமெல்லாம் சுருக்கம் விழும். பழி டெய்லர் மேல் போகும். வெட்டுவதற்கு முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, அரை ஈரத்தில் நேர் இழை பார்த்து இஸ்திரி போட்டுவிட்டால் இது நேராது. மில்லில் போட்ட கஞ்சியும் இதில் போய்விடும். கடையில் மொறமொறவென்று இருந்த துணி உண்மையில் எவ்வளவு மெல்லியது என்பதும் அப்போதுதான் தெரியும். அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். சாயம் ஏற்றும்போதே பிடிக்காத சாயத்தைப் பிறகு உப்பு பிடித்து வைக்காது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஏறினால் அந்த லைனிங்கை வெளிர்நிறத் துணிக்குள் வைக்காமல் இருப்பது நல்லது.

இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டியது, லைனிங் தேவைதானா என்பது. கலம்காரிப் பருத்தி, சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம் எல்லாம் தானாகவே மறைக்கும். அவற்றுக்கும் வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக லைனிங் கொடுத்துத் தைக்கிறார்கள். உள் தையல் பிசிறு தெரியாமல் மறையும் என்பது இதில் தைப்பவர்களுக்கு உள்ள வசதி. தையல் ஓரங்களைக் கிராஸ் பீஸ் கொண்டு பைண்டிங் பண்ணிவிட்டால் அதே சுத்தம் லைனிங் இல்லாமலே கிடைக்கும். மறைப்பு வேண்டியிருந்தாலும் மார்பு வரைக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, கையை வெறுமனே விடலாம். அக்குளில் ஓர் அடுக்கு குறைவது எந்த விலை உயர்ந்த துணியும் தராத சுகம்.

பட்டு ப்ளவுஸுக்கு இந்த விலக்கு செல்லாது. வியர்வை பட்டால் பட்டில் கறை விழும், சாயம் வெளிறும், நாளடைவில் இழையும் இற்றுப்போகும். வியர்வையைத் தான் வாங்கிக்கொள்ள ஓர் அடுக்கு அங்கே கட்டாயம் வேண்டும், அது உறிஞ்சுகிற பருத்தியாகவும் இருக்க வேண்டும். ஆரி வேலை செய்த ப்ளவுஸ் இன்னும் சிரமமானது. பின்பக்கம் ஜரிகையும் முடிச்சும் தோலைக் கீறும், வேலைப்பாட்டின் கனத்தை மெல்லிய துணி தாங்காது, ஆகவே தடித்த லைனிங்தான் சரி என்று தைப்பவர்கள் வாதிடுவார்கள். கனம் இருக்கும் இடத்துக்கு மட்டும் அந்த வாதம் சரி. கழுத்தைச் சுற்றியும் கை விளிம்பிலும் வேலைப்பாட்டின் அகலத்துக்குக் கேம்பிரிக் பட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தாங்கல் கொடுத்து, மற்ற இடமெல்லாம் டூ பை டூவோடு விட்டுவிடச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கு நடுவே உட்கார வேண்டியவர் என்றால், அளவு கொடுக்கும்போதே கைக்குழியைக் கால் அங்குலம் தளர்வாக வைக்கவும் சொல்லிவிடுங்கள்.