பெருமூளை வாதமும் முதல் ஓராண்டும்

சித்தூரில் எங்கள் தெருவில் குடியாத்தத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டு அக்கா சென்ற கோடை விடுமுறையில் என்னை அழைத்து, "தம்பி, நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளை. இதைப் பார்த்துச் சொல்லுப்பா" என்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார். காற்றழுத்தம் ஏற்றிய அறையில் குழந்தையை வைத்துத் தூய பிராணவாயு அளித்தால் பெருமூளை வாதம் நீங்கும் என்று அதில் அச்சிட்டிருந்தது. நாற்பது முறை போகவேண்டுமாம். மூன்று வயது மகனுக்காக வளையல்களை அடகு வைக்க அவர் துணிந்துவிட்டார். நான் பயில்வதோ பௌதிகம். ஆயினும், தெரியாது என்று கைவிரித்துவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏற மனம் வரவில்லை. பல்கலைக்கழகம் திரும்பியதும் ஆராய்ச்சி ஏடுகளைத் தேடிப் படித்தேன்.

வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ நேர்ந்த சேதத்தின் விளைவே இந்நோய். 1861-ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் லிட்டில், குறைமாதப் பிறப்புக்கும் கடினமான பிரசவத்துக்கும் இதற்குமுள்ள தொடர்பை எழுதினார். தசையில் பிழையில்லை, தசைக்கு ஆணையிடும் இடத்தில்தான் பிழை. மூளையின் சேதம் மேலும் வளர்வதில்லை. ஆனால் பயன்படுத்தாத கை நாளடைவில் இறுகிப்போகும்.

ஆகவே காலம் முக்கியமாகிறது. அக்காவின் மகனுக்குப் பத்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. "இவன் அப்பனும் இப்படித்தான் தாமதம்" என்றார் பாட்டி. ஒன்றரை வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது. முன்பு மருத்துவர்களும் இவ்வாறே காத்திருந்தனர். 2017-இல் அயோனா நோவாக் முதலிய பன்னாட்டு அறிஞர்கள், ஆறு மாதம் நிறையுமுன்பே பலரிடம் இதைக் கண்டறியலாம் என்று சான்றுகளைத் தொகுத்துக் காட்டினர். மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள்: கழுத்தும் தோளும் இடுப்பும் கைகால்களும் ஓயாமல் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அவ்வசைவு இல்லாமை பெரும் எச்சரிக்கை. ஹைன்ஸ் ப்ரெக்டல் வகுத்த இச்சோதனைக்குப் பயின்ற கண் ஒன்றே போதும். நரம்புப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் உடன் சேர்ந்தால் ஐயம் குறையும்.

இனி, அந்தக் காற்றறை. கனடாவில் 111 குழந்தைகளை இரு அணியாகப் பிரித்து ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓரணிக்கு 1.75 வளிமண்டல அழுத்தத்தில் தூய பிராணவாயு; மற்றதற்கு 1.3 அழுத்தத்தில் வெறும் காற்று. நாற்பது முறை. முடிவில் இரண்டு அணியும் முன்னேறின, ஏறத்தாழ ஒரே அளவில்! முதல் அணியில் காதுக் கோளாறு மட்டும் கூடுதல். இரண்டாம் அணி இல்லாதிருந்தால் உலகம் அதனை அற்புதம் என்றே கொண்டாடியிருக்கும். துண்டுத்தாள்களில் எப்போதும் ஓரணிதான் இருக்கும்.

நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்து நீவுவார்களே, அது? ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட சிசுக்களைக் கொண்டு ஸ்வீடனில் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சிலருக்கு நல்ல கையைச் சற்றே தடுத்து, நலிந்த கையால் விளையாடத் தூண்டினர்; பெற்றோரே நாளும் அரைமணி நேரம் வீட்டில் செய்தனர். ஏனையோருக்கு உடல் நீவுதல். விளையாடிய கைகளே மேலாகத் தேறின. நீவுவதில் தாய்க்கும் சேய்க்கும் இன்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிறர் அசைத்த கையிலிருந்து மூளை கற்பது குறைவு. தானாக நீட்டிப் பிடித்த கிலுகிலுப்பையிலிருந்தே அது மிகுதியும் கற்கிறது.

திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறுவர் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலேயே குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். எனினும் அக்காவுக்கு நேர்ந்த தடை வேறு. மகனுக்குரிய பயிற்சிகளை எழுதி ஒரு மருத்துவமனையில் கொடுத்த தாள் தெலுங்கில் இருந்தது. அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. வெட்கப்பட்டு யாரிடமும் கேட்கவில்லை. தாள் ஒன்றரை ஆண்டாக அரிசி டின்னுக்கடியில் கிடந்தது! இரு மொழியும் படிக்கத் தெரிந்த நானோ நாலு வீடு தள்ளித்தான் இருந்தேன்.

தசரா விடுமுறையில் அதைத் தமிழில் எழுதி, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டித் திருத்தி வாங்கி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். காற்றறையைப் பற்றியும் சொன்னேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒன்றரை வருஷம் போச்சா, தம்பி?" என்றார். முழுவதும் போகவில்லை என்றேன், அது உண்மையே. சென்ற வாரம் பையன் எவர்சில்வர் டம்ளரை இரு கையாலும் பற்றித் தானே பால் குடித்தானாம். பாதி தரையில்.