வளர்ப்பு நாயின் பராமரிப்பும் எமது சுகாதாரமும்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும் (க.பொ.த. சாதாரண தரம்)



உங்கள் லயத்தில் எத்தனை நாய்கள் உள்ளன? இக்கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுவீர்கள். அவற்றுள் எத்தனை நாய்களுக்கு இந்த ஆண்டு விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டுள்ளது? இதற்கு விடை சொல்லச் சற்றுத் தயங்குவீர்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இக்கேள்வியைக் கேட்பேன். "அது எங்க வீட்டு நாய் இல்ல டீச்சர், லயத்து நாய்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்தப் பதிலிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குவோம். லயத்து நாய்க்கு ஒரு வீட்டில் சோறு கிடைக்கும். இன்னொரு வீட்டில் மீன் தலை கிடைக்கும். தடுப்பூசி போடும் நாளில் அதை அழைத்துச் செல்ல மட்டும் எவரும் இருக்கமாட்டார். சோறு போடுவது இரக்கம். பொறுப்பு எடுப்பதே வளர்ப்பு. இந்த வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். பரீட்சையில் இது சில புள்ளிகளைப் பெற்றுத் தரும். வீட்டில் ஓர் உயிரையே காப்பாற்றக்கூடும்.

1. உணவு

நாய் பிரதானமாக இறைச்சி உண்ணும் விலங்கினத்தைச் சேர்ந்தது. எனினும் மனிதரோடு வாழ்ந்து பழகியதால் சோறு போன்ற மாப்பொருள் உணவையும் சமிபாடடையச் செய்யும். வெறும் சோறும் குழம்பும் மட்டும் கொடுத்தால் வயிறு நிரம்பும், உடல் வளராது.

• சோற்றுடன் அவித்த மீன், முட்டை, ஈரல் போன்ற புரத உணவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உப்பும் மிளகாய்த் தூளும் போடுவதற்கு முன்னரே நாயின் பங்கை எடுத்து வைத்தால் தனியாகச் சமைக்கத் தேவையில்லை.
• எமது பிரதேசத்தில் கிடைக்கும் கரட், பூசணி, போஞ்சி ஆகியவற்றை அவித்துச் சிறிதளவு சேர்க்கலாம்.
• குட்டிகளுக்கு நாளொன்றுக்கு 3 அல்லது 4 தடவையும், வளர்ந்த நாய்க்கு 2 தடவையும் உணவு கொடுக்க வேண்டும்.
• சுத்தமான நீர் எந்நேரமும் இருக்க வேண்டும். குளிர் காலத்திலும் நாய்க்கு நீர் தேவை.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், உள்ளி, சொக்கலேட், திராட்சை, முந்திரிகை வற்றல், சமைத்த கோழி எலும்பு. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கின்றன. சமைத்த எலும்பு ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும். கருவாட்டுக் குழம்பில் உப்பு மிக அதிகம்.

இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நாம் தேயிலை நாட்டில் வாழ்கிறோம். குடித்து மிஞ்சிய தேநீரை நாயின் சட்டியில் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தேயிலையில் கஃபீன் உள்ளது. நாயின் இதயத்தையும் நரம்புத் தொகுதியையும் அது மிகையாகத் தூண்டும். ஆகவே தேநீரோ வடித்த தேயிலைச் சக்கையோ நாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அவ்வாறே மனிதருக்கான பனடோல் மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது.

2. இருப்பிடமும் பாதுகாப்பும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. சில ஆண்டுகளில் சனவரி, பெப்ரவரி மாதங்களின் அதிகாலையில் இங்கு உறைபனி படிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈரச் சீமெந்துத் தரையில் படுக்கும் குட்டி எளிதில் நோயுறும். தரையிலிருந்து சிறிது உயர்த்திய பலகைப் பெட்டி ஒன்றும் அதனுள் உலர்ந்த சாக்கு ஒன்றும் போதும். சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்துங்கள்.

எமது பிரதேசத்து நாய்க்கு நான்கு ஆபத்துகள் உள்ளன.

(அ) சிறுத்தை: தோட்டங்களை அடுத்த காடுகளில் வாழும் சிறுத்தைகள் இரவில் லயங்களின் அருகே வந்து நாய்களைப் பிடிப்பதுண்டு. வெளியே சங்கிலியில் கட்டப்பட்ட நாய் தப்பி ஓடவும் முடியாது. எனவே இரவில் நாயைக் கதவுள்ள இடத்தில் அடைக்க வேண்டும். உணவுக் கழிவுகளைக் கண்டபடி எறிந்தால் தெரு நாய்கள் கூடும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

(ஆ) கம்பிச் சுருக்கு: மரக்கறித் தோட்டங்களில் காட்டுப் பன்றிக்காக வைக்கப்படும் சுருக்கில் பன்றி மட்டும் சிக்குவதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சிக்கியது. உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் அது இறந்தது. அலைந்து திரியும் நாய்க்கும் இந்நிலை நேரலாம்.

(இ) களைநாசினி: மருந்து தெளித்த மலைக்கு நாயை அழைத்துச் செல்லக் கூடாது. நடந்து வந்த பின் பாதங்களை நக்கும்போது நஞ்சு உடலினுள் செல்லும்.

(ஈ) வாகனம்: வளைவுப் பாதைகளில் சாரதிக்கு நாய் தெரிவதற்குள் விபத்து நேர்ந்துவிடும். பாதையருகே செல்லும்போது கழுத்துப் பட்டியும் கயிறும் அவசியம்.

பகல் முழுவதும் கட்டியே வைத்திருப்பதும் பிழை. ஓடியாட இடமில்லாத நாய் அச்சமும் சினமும் கொண்டு கடிக்கப் பழகிவிடும்.

3. புழுக்களும் ஒட்டுண்ணிகளும்

நாயின் குடலில் வட்டப்புழு, கொழுக்கிப்புழு என்பன வாழும். நாயிலும் பூனையிலும் மட்டுமன்றி மனிதரிலும் வாழக்கூடிய கொழுக்கிப்புழு இனம் ஒன்றுக்கு "சிலானிக்கம்" என்று பெயர். இலங்கையில் கிடைத்த மாதிரியிலிருந்து 1911ஆம் ஆண்டு விபரிக்கப்பட்டதால் அப்பெயர் வந்தது. இதன் குடம்பி ஈர மண்ணில் இருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். புழு குருதியை உறிஞ்சுவதால் குருதிச்சோகை ஏற்படலாம்.

தடுக்கும் முறைகள்: மிருக வைத்தியர் கூறும் காலத்தில் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தல்; வாசலிலுள்ள மலத்தை அகற்றிப் புதைத்தல்; செருப்பு அணிதல்; நாயைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல். உண்ணியையும் தெள்ளையும் வாரந்தோறும் சீப்பினால் தேடி அகற்ற வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. அவற்றைப் பற்றி அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

4. விசர்நாய்க்கடி நோய் (நீர்வெறுப்பு நோய்)

நோய்க்காரணி: றேபிஸ் வைரசு.
பரவும் முறை: நோயுற்ற விலங்கின் உமிழ்நீர், கடி, கீறல் அல்லது திறந்த காயத்தின் வழியே உட்புகுதல். மனிதருக்கு ஏற்படும் தொற்றுகளில் 99% நாய் மூலமே வருகின்றது.
நோயரும்பு காலம்: பொதுவாக 1 முதல் 3 மாதங்கள்; இதைவிடக் குறையவோ கூடவோ செய்யலாம்.
விளைவு: நோய்க்குறிகள் தோன்றிய பின் ஏறத்தாழ எல்லோருமே இறக்கின்றனர்.

நோயுற்ற நாய் எப்போதும் வெறிகொண்டு ஓடும் என்று எண்ணாதீர்கள். இருவகை நிலைகள் உண்டு. வெறி நிலையில் காரணமின்றிக் கடிக்கும், குரல் மாறும், உமிழ்நீர் வடியும். சோர்வு நிலையில் மூலையில் ஒதுங்கும்; கீழ்த்தாடை தொங்கும்; விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாயினுள் கைவிடுவோர் உளர். இது மிக ஆபத்தான செயல்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 40% பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1973ஆம் ஆண்டு 377 பேர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை 20–30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், கடியுண்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைப்பதும் இதற்குக் காரணங்கள்.

ஒரு பிரதேசத்திலுள்ள நாய்களில் 70% ஆனவற்றுக்குத் தடுப்பூசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். உங்கள் லயத்தில் 20 நாய்கள் இருப்பின் 14க்கேனும் ஊசி போடப்பட வேண்டும். வீட்டு நாய்கள் ஆறும் லயத்து நாய்கள் பதினான்கும் இருந்தால் என்னவாகும்? எல்லா வீட்டாரும் தமது கடமையைச் செய்தாலும் 30% தான் வரும். "நம்ம வீட்டு நாய் இல்ல" என்ற சொல்லின் விலை இதுதான்.

ஊசியை ஆண்டுதோறும் போடுதல் வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆகவில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்துக் குட்டிகளையும் கொண்டு செல்லுங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சட்டம்: விசர்நாய்க்கடி நோய் தொடர்பான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டையும், நாய்களைப் பதிவு செய்தல் தொடர்பான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. 2006ஆம் ஆண்டில் தெரு நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை வந்தது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையுமே பிரதான வழிகளாயின. பெண் நாய் சுமார் 63 நாட்களில் குட்டி ஈனும். வேண்டாத குட்டிகளைத் தேயிலை மலையில் விட்டு வருவதைவிடத் தாய்க்குக் கருத்தடை செய்விப்பதே அறிவுடைமை.

5. நாய் கடித்தால் அல்லது கீறினால்

படி 1: உடனே பீலிக்கோ குழாய்க்கோ சென்று, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவுங்கள்.
படி 2: மஞ்சள், மிளகாய்த் தூள், கோப்பித் தூள், மண்ணெண்ணெய் எதையும் பூச வேண்டாம்.
படி 3: வீட்டுப் பெரியவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
படி 4: அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஹற்றன் பகுதியினர் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும், நுவரெலியாப் பகுதியினர் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் செல்லலாம். முற்காலத்தைப் போல் வயிற்றில் ஊசி போடுவதில்லை. இன்று கையிலேயே போடுகிறார்கள்.
படி 5: குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள்.
படி 6: நாயைக் கொல்லாமல் 14 நாட்கள் கட்டி வைத்துக் கவனியுங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நாய்க்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

விசர்நாய்த் தடுப்பூசியை மனிதருக்கு முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் லூயி பாஸ்டர். 1885 யூலை 6ஆம் திகதி, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவரது தடுப்பூசி ஏற்றப்பட்டது, சிறுவன் பிழைத்தான். பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் திகதியே உலக விசர்நாய்க்கடி நோய்த் தினமாகும்.

6. மாதிரி வினா

பின்வரும் கற்பனைச் சம்பவத்தை வாசித்து விடை எழுதுக.

தரம் 10 மாணவி ஒருத்தி லயத்து நாயின் குட்டியைத் தூக்கி விளையாடும்போது அது அவளது கையைக் கீறிவிட்டது. பாட்டி மஞ்சள் பூசினார். மாணவி தாயிடம் சொல்லவில்லை. வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனால் அம்மாவுக்கு அரைப்பேர் போய்விடும் என்று எண்ணினாள். நான்காம் நாள் குட்டி இறந்தது. அண்ணன் அதைப் புதைத்துவிட்டான்.

(i) இங்கு நடந்த தவறுகள் மூன்று தருக.
(ii) மாணவி இப்போது செய்ய வேண்டியது யாது?
(iii) இச்சம்பவத்தைத் தவிர்க்க அந்த லயத்தார் முன்னரே என்ன செய்திருக்கலாம்?

விடைக் குறிப்புகள்

(i) காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமை. வைத்தியசாலைக்குச் செல்லாமல் மறைத்தமை. இறந்த குட்டியைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியாமல் புதைத்தமை. (அறிவித்திருந்தால் குட்டியின் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதித்து நோயை உறுதிப்படுத்தியிருக்கலாம்.)

(ii) இன்றே தாயிடம் சொல்லி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நான்கு நாள் கடந்துவிட்டது என்று கைவிடக் கூடாது. நோய்க்குறி தோன்றுவதற்கு முன் போடப்படும் ஊசி உயிரைக் காக்கும். குட்டி சிறியது, கீறல் சிறியது என்பன காரணங்கள் அல்ல.

(iii) தாய் நாய்க்கு ஒரு வீட்டார் பொறுப்பேற்றுத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்திருக்கலாம். லயத்து நாய்களின் பட்டியல் ஒன்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வீட்டின் பெயரைக் குறித்திருக்கலாம்.

மாணவர்களே, மூன்றாம் விடையிலுள்ள பட்டியலைப் பரீட்சைத் தாளில் மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். ஓர் அப்பியாசக் கொப்பித் தாளும் ஒரு மாலை நேரமும் இருந்தால் போதும். அடுத்த முறை தடுப்பூசிக் குழு உங்கள் தோட்ட மைதானத்துக்கு வரும்போது, ஒவ்வொரு நாயையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்ல ஒருவர் நிற்கட்டும். அரைப்பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். உயிர் போனால் திரும்பாது என்பதை உங்கள் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நினைவிற் கொள்க: உணவு, இருப்பிடம், தடுப்பூசி, கருத்தடை, அன்பு. இவை ஐந்தும் கிடைக்கும் நாயே வளர்ப்பு நாய்.