கணக்கு நோட்டை முதலில் வாங்கு

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பஹ்ரைன் மனாமாவில் உன் கார்கோ தொழில் ஒரு நிலைக்கு வந்துவிட்டது, இனி ஊரிலிருந்து புதிதாக வருகிற பையன்களுக்காக ஒரு சங்கம் தொடங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அறை பார்த்துக் கொடுப்பது, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாமே வேண்டிய வேலைகள். தயங்காமல் தொடங்கு. பெயர்ப்பலகையும் ஆண்டு விழாவும் மெதுவாக வரட்டும். கணக்கு நோட்டை முதலில் வாங்கு.

ஏன் சொல்கிறேன் என்றால், நம்மூர் வ.உ.சி.க்கு நடந்ததை நினைத்துப் பார். 1906இல் 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர். 1908இல் சிறைக்குப் போனார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கையில் காசும் இல்லை. அவர் கஷ்டத்தைக் கேள்விப்பட்ட தென்னாப்பிரிக்கத் தமிழர்கள், தங்கள் உழைப்புக் காசைத் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915இல் காந்தி இந்தியா திரும்பியதும் வ.உ.சி. அதைப் பற்றி எழுதிக் கேட்டார். தொகை எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாமல் நேட்டாலுக்கு எழுதி விசாரிக்க வேண்டியதாயிற்று. கடிதங்கள் போயும் வந்தும், 1916இல்தான் விஷயம் முடிந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி இதையே ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார், வாங்கிப் படி. கொடுத்தவர்களும் நல்லவர்கள், நடுவில் நின்றவரும் நேர்மைக்கே பேர்போனவர். அப்படியிருந்தும் வறுமையில் இருந்த ஒரு மனிதர் அத்தனை மாதம் காத்திருக்க நேர்ந்தது. நல்ல மனசு மட்டும் போதாது மருமகனே. வாங்கிய அன்றைக்கே ரசீது வேண்டும், கொடுத்த அன்றைக்கே கையெழுத்து வேண்டும்.

நம் பக்கத்து வியாபாரிகள் இதை அனுபவத்தில் கற்றவர்கள். வெளியூர் போய் வியாபாரம் செய்த நாடார் வணிகர்கள் சரக்கும் வண்டியும் தங்கப் பேட்டை கட்டி, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சிறு தொகையை மகமையாக எடுத்து வைத்தார்கள். அவர்களுடைய சமூகச் சபையான உறவின்முறை கூடி, வரவு செலவை எல்லார் முன்னாலும் படித்தது. அந்தக் காசில்தான் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. கணக்கு பொதுவில் இருந்ததால் காசும் தொடர்ந்து வந்தது.

ஆகவே உன் கார்கோ கணக்கும் சங்கக் கணக்கும் ஒரு நாளும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டாம். உதவி கேட்டு வருகிறவனை உன் வாடிக்கையாளன் ஆக்காதே. எதற்குக் கட்டணம், எது இலவசம் என்று எழுதி ஒட்டு. பஹ்ரைனில் உரிமம் இல்லாமல் பொதுவில் பணம் திரட்டுவது குற்றம். அதற்குரிய அனுமதியை வாங்கிய பிறகே வசூலில் இறங்கு.

எல்லாவற்றுக்கும் வசூல் செய்யவும் தேவையில்லை. இந்தியத் தூதரகத்தில் 2009 முதல் சமூக நல நிதி இருக்கிறது. இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பவும், கைவிடப்பட்டவருக்கு டிக்கெட் எடுக்கவும் அதில் வழி உண்டு. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலவாரியத்தில் பையன்களைப் பதியச் சொல். கிடைக்க வேண்டியதை முறையாகக் கேட்டு வாங்கிக் கொடுப்பதே சங்கத்தின் பாதி வேலை.

மீதிப் பாதி இங்கே, இந்தக் கரையில் இருக்கிறது. நீ இருக்கும் பஹ்ரைனும் நம்மூரைப் போல முத்துக்குளித்த பூமிதான். அங்கே முத்துக்குளித்தவர்கள் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கியே கடலுக்குப் போனார்கள். கடனோடு செத்தவனின் பாக்கி மகன் தலையில் ஏறியது. 1920களில் வந்த சீர்திருத்தம் கேட்டது, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதைத்தான். இன்றைக்கு மணப்பாட்டிலிருந்தும் வேம்பாரிலிருந்தும் புறப்படுகிற பையன் ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கினால், அதே கடனைத்தான் சுமந்து போகிறான். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது என்பது விதி. பத்தாவது தேறாதவனுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும், அதோடு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். இதை விமானம் ஏறும் முன்பே சொல்ல ஆள் வேண்டும். நான் இங்கே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரையோர ஊர்களுக்குப் போய்ச் சொல்கிறேன்.

இன்னொன்று. கொரோனாவில் ஈரானில் மாட்டிக்கொண்டவர்களை பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றிக்கொண்டு, 2020 ஜூலை 1 அன்று கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா நம் துறைமுகத்துக்கு வந்தது. 687 பேர், அதில் நிறைய மீனவர்கள். அப்படி ஒரு நாள் வந்தால் எந்த அதிகாரியும் முதலில் கேட்பது பட்டியலைத்தான். பெயர், பாஸ்போர்ட் எண், தங்கும் இடம், வேலை தரும் முதலாளி, ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உன் நோட்டில் எப்போதும் தயாராக இருக்கட்டும். மாதம் ஒரு முறை சரிபார். அந்தப் பட்டியலை உன் வியாபாரத்துக்குத் தொடாதே, யாருக்கும் விற்காதே.

ஊர், சாதி, கோயில், மாதா கோயில் என்று பிரித்துப் பார்க்காதே. கஷ்டம் என்று வருகிறவன் எல்லாரும் சங்கத்து ஆள்தான். முதல் மாதத்து வரவு செலவை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஐம்பது ரூபாய் என்றாலும் வரி வரியாகப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்