எசுவாத்தினி: நிலம் வரைந்த கோடும் மனிதன் வரைந்த கோடும்

ஒரு நாட்டின் தேசப்படத்தில் இருவகைக் கோடுகள் உள. மலையும் ஆறும் இயற்கை வரைந்தவை. மாவட்டமும் மாகாணமும் மனிதன் வரைந்தவை. இவை எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என ஆராய்தல் புவியியல் மாணவனின் தலையாய கடனாகும். இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு ஆபிரிக்காவின் தென்பாகத்திலுள்ள எசுவாத்தினி. 1968 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆம் நாள் பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்ற சுவாசிலாந்தே 2018 இல் இப்பெயர் பூண்டது.

இந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 17,364 சதுர கிலோமீற்றர். வடக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் தென்னாபிரிக்கா சூழ்ந்துள்ளது. கிழக்கில் மொசாம்பிக் உளது. கடற்கரை இல்லை.

தரைத்தோற்றத்தை நோக்குவோம். நாடு மேற்கிலிருந்து கிழக்கே படிப்படியாக இறங்குகின்றது. மேற்கே குளிர்ந்த உயர் வெல்டு. 1,862 மீற்றர் உயரமுள்ள எம்லெம்பே சிகரமும், பரந்த பைன் காடுகளும் இங்குள்ளன. அதையடுத்துச் சோளம் விளையும் இடை வெல்டு. அதன் கிழக்கே வெம்மையும் வறட்சியும் மிக்க தாழ் வெல்டு. கிழக்கெல்லையில் மதில்போல் மீண்டும் உயர்வது லுபொம்போ மேட்டுநிலம். இந்நான்கும் வடக்குத் தெற்காக நீண்ட பட்டைகள். உசுத்து முதலிய ஆறுகளோ அவற்றைக் குறுக்கறுத்துக் கிழக்கே பாய்கின்றன. மழைவீழ்ச்சி குன்றிய தாழ் வெல்டில் பெருங் கரும்புத் தோட்டங்கள் செழிப்பது இவ்வாற்று நீரின் பாசனத்தாலேயாம்.

இனி ஆட்சிப் பிரிவுகளைக் காண்போம். அவையும் நான்கே. வடமேற்கே ஹொஹொ, நிருவாகத் தலைநகராகிய உம்பாபானே இங்குளது. நடுவே மன்சினி, குடிமக்கள் தொகையில் இதுவே முதலாவது. தெற்கே சிசெல்வேனி, இதன் தலைமையூர் இன்லங்கானோ. கிழக்கே சித்தேக்கியைத் தலைமையூராகக் கொண்ட லுபொம்போ. பரப்பிற் பெரியது இதுவே. எண்ணிக்கை ஒன்றாயினும் எல்லைகள் ஒன்றல்ல. லுபொம்போ ஒன்றே ஓரளவு இயற்கைப் பட்டையைத் தழுவியது. ஏனைய மூன்றும் மேற்கு மேட்டிலே தொடங்கிக் கிழக்கு நோக்கி இறங்குவன. ஆதலால் ஒரே பிரிவினுள் மலைவாசியும் சமவெளி உழவனும் வாழ்கின்றனர். ஒவ்வொரு பிரிவுக்கும் மன்னரால் நியமிக்கப்படும் அதிகாரி ஒருவர் உளர். பிரிவுகள் ‘தின்குண்ட்லா’ எனப்படும் தொகுதிகளாகவும், அவை குலத்தலைவர்தம் ஆட்சிப் பகுதிகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன.

நிற்க. இவ்விரு கோடுகளிலும் கொடிய மூன்றாவது கோடு ஒன்று உண்டு. 1889 இல் இறந்த மன்னர் உம்பண்ட்சேனியின் காலத்தில், மேய்ச்சலுக்கும் கனியத்துக்குமென ஐரோப்பியர் பெற்ற உரிமைப் பத்திரங்கள் நாடு முழுவதையும் மூடின. ஒரே நிலத்தின்மீது பலர் உரிமை கொண்டாடினர். இச்சிக்கலைத் தீர்க்க வந்த 1907 ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பிரகடனம் சுவாசி மக்களுக்கு மூன்றிலொரு பங்கு நிலத்தையே ஒதுக்கிற்று. தம் மூதாதையர் மண்ணிலே மக்கள் அயலாராயினர்.

ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த அரசி லபோட்சிபேனி கலங்கினாரல்லர். மக்களிடம் நிதி திரட்டி நிலத்தை மீட்டு வாங்கும் முயற்சியைத் தொடக்கினார். அதற்கான பணத்தைத் தேட இளைஞர் பலர் திரான்சுவாற் சுரங்கங்களுக்குச் சென்றனர். அவர்தம் பேரன் இரண்டாம் சொபூசா தொடுத்த வழக்கு, இலண்டன் கோமறைக் கழகத்தில் 1926 இல் தோற்றது. எனினும் மீட்பு நிற்கவில்லை. விடுதலை வருமுன்னரே பாதிக்கு மேற்பட்ட நிலம் மக்கள் கைக்கு வந்தது. அந்நிலத்தை மன்னர் மக்கட்காகப் பொறுப்பில் வைத்திருக்கின்றார். குலத்தலைவர் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். ஆயின் உழுபவன் கையில் உறுதி இல்லை; அந்நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெறுதலும் அவனுக்கு இயலாது. ஒரு வழக்குத் தீர, மற்றொன்று எஞ்சியுள்ளது.

மாணவர்காள்! பிரிவுகளின் பெயரை மனனஞ் செய்தல் எளிது. தேசப்படத்திற் காணும் ஒவ்வொரு கோட்டையும் யார் வரைந்தார், அதனால் யார் நிலம் பெற்றார், யார் இழந்தார் என வினவுக. அவ்வினாவே புவியியலுக்கு உயிர் தருவது.