கம்ப்யூட்டரை மூடிவிட்டு டிசைன்

கேள்வி: எங்கள் டீமில் எல்லோருக்கும் ஜாவா தெரியும். ஆனாலும் ஒரே கிளாஸில் ஆயிரம் வரி எழுதுகிறார்கள். ஆப்ஜெக்ட் டிசைன் பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: யுஎம்எல் படங்களிலிருந்து வேண்டாம், படம் அழகாக வரும், புத்தி பழையபடியே இருக்கும். கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989இல் எழுதிய கட்டுரையில் சிஆர்சி அட்டை முறையை விளக்கினார்கள்; அதிலிருந்து தொடங்குங்கள். ஓர் அட்டைக்கு ஒரு கிளாஸ். அதில் கிளாஸின் பெயர், அதன் பொறுப்புகள், அதற்கு உதவும் மற்ற கிளாஸ்கள், அவ்வளவுதான். ஆளுக்கு ஓர் அட்டையைக் கொடுத்து, 'ஆர்டர் ரத்தானால் பணத்தைத் திருப்புவது யார்?' என்று நாடகம் போல் நடத்துங்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தாலோ, அட்டையில் இடம் போதாமல் போனாலோ, அந்த கிளாஸைப் பிரிக்க வேண்டும். பாடப்புத்தக உதாரணம் எடுக்காதீர்கள். உங்கள் புராஜெக்டிலேயே எல்லோரும் தொடப் பயப்படும் பகுதியை எடுங்கள். மேனேஜரை மட்டும் அன்று உள்ளே விடாதீர்கள்.